ஞாயிற்றுக்கிழமைக் கடிதம்

கடிதத்தை என் கையில் கொடுத்து, ஒரு முறை வாசித்துக் காட்டச் சொன்னார் அந்த அம்மா.

கன்னியர் மடத்தின் பார்வையாளர் அறையில் நாங்கள் இருவர்தான் இருந்தோம். அவருக்கு என்னைவிட நாலைந்து வயது குறைவாக இருக்கலாம். மூன்று பேருந்து மாறி வந்திருந்தார். சமையற்கட்டு சிஸ்டர் வைத்துவிட்டுப் போன தேநீரை அவர் தொடவே இல்லை.

பழைய மாணவியின் தாய் வந்திருக்கிறார் என்றதுமே சிரிப்பைத் தயார் செய்துகொண்டுதான் கீழே இறங்கினேன். ஓய்வுபெற்ற டீச்சருக்கு மிச்சமிருக்கும் சம்பளம் அது ஒன்றுதான். உங்களால்தான் என் பிள்ளை தலையெடுத்தாள் என்பார்கள். எல்லாம் ஆண்டவர் செயல் என்று சொல்லிவிட்டு, உள்ளுக்குள் குளிர்ந்து போவோம்.

இந்த அம்மாவின் பிள்ளை தலையெடுக்கவில்லை. எங்கள் விடுதியில் நாலாம் வகுப்பு படிக்கும்போதே காய்ச்சலில் போய்விட்டாள். நாற்பது வருடம் ஆகிறது.

கையில் இருந்தது அவள் வீட்டுக்கு எழுதிய கடைசிக் கடிதம். மடிப்பெல்லாம் கிழிந்து, பின்பக்கம் வேறு தாள் ஒட்டியிருந்தது.

தனக்கு எழுத்து தெரியாது என்றார். இத்தனை வருடமும் அடுத்தவர்கள்தான் வாசித்துக் காட்டினார்களாம். எழுத வைத்த டீச்சர் வாயால் ஒரு தடவை கேட்க வேண்டுமாம்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டேன். அன்புள்ள அப்பா அம்மாவுக்கு, நான் இங்கு நலம். அங்கு எல்லோரும் நலமா?

முதல் வரியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. இது நான் எழுதியது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் விடுதியில் கடிதம் எழுதும் நேரம். பொறுப்பு என்னுடையது. கரும்பலகையில் எட்டு வரி எழுதிப் போடுவேன், அறுபது பிள்ளைகளும் அதைப் பார்த்து எழுதுவார்கள். சொந்தமாக எழுத விட்டால் எவளாவது மூக்கைச் சிந்திக்கொண்டு எதையாவது எழுதிவைப்பாள், கடிதம் கிடைத்த மறுநாளே பெற்றவர்கள் அடித்துப்பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நிற்பார்கள். எழுதியதைத் திறந்தபடியே என்னிடம் காட்ட வேண்டும். சரியில்லாததைக் கிழித்துவிட்டு வேறு தாள் கொடுப்பேன். எனக்கு முன்பு இருந்த சிஸ்டரும் அப்படித்தான் செய்தார்.

வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன் என்று வாசித்தேன். அன்று காலை அவள் தட்டைத் தொடவில்லை. படிப்புக்குப் பயந்து நடிக்கிறாள் என்று நான்தான் சொன்னேன்.

சிஸ்டர்கள் எங்களைத் தாயைப்போலப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று வாசித்தேன். வெள்ளிக்கிழமை அவள் போய்விட்டாள். அடக்கம் முடிந்த மறுநாள்தான் இந்தக் கடிதம் வீடு போய்ச் சேர்ந்ததாம்.

அந்த அம்மாவின் உதடுகள் எனக்கு ஒரு வார்த்தை முன்னால் அசைந்துகொண்டிருந்தன. முழுக்க மனப்பாடம்.

பாவசங்கீர்த்தனத்தில் பாதிரியாரிடம் நான் எதையும் மறைத்ததில்லை. கோபம், சோம்பல், பக்கத்து இலைக்குக் கூடுதலாக விழுந்த கறியைப் பார்த்துப் பொறாமைப்பட்டது வரை சொல்லியிருக்கிறேன். இதை மட்டும் ஒரு நாளும் சொன்னதில்லை. இது பாவம் என்றே தோன்றவில்லை. வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்படிக்கு உங்கள் அன்பு மகள் என்று முடித்தேன். குரல் பிசிறவில்லை. முப்பத்தைந்து வருடம் வகுப்பில் நின்ற குரல், எங்கே பிசிறும்?

இருக்கட்டும் என்று நினைத்தேன். பிள்ளை கடைசிவரை சந்தோஷமாக இருந்தாள் என்ற நினைப்பில் ஒரு தாய் நாற்பது வருடத்தைத் தள்ளியிருக்கிறார். இப்போது போய் அதையும் பிடுங்குவானேன்? வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் தருமம் என்று பட்டது. எனக்கு ரொம்ப வசதியான தருமம்.

மடித்து நீட்டினேன். அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

"இது உங்க கடுதாசி, சிஸ்டர். நீங்களே வெச்சுக்குங்க."

பக்கத்து வீட்டுப் பெண்ணும் அப்போது எங்கள் விடுதியில்தான் இருந்தாளாம். போன மாதம் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறாள். எல்லார் வீட்டுக்கும் போனது இதே எட்டு வரிதான் என்று. அன்றைக்கு அவர் மகள் மட்டும் பலகையைப் பார்க்காமல் முதலில் வேறொன்று எழுதினாள், சிஸ்டர் வாங்கிக் கிழித்துவிட்டார் என்று. மூன்று பேருந்து மாறி வந்தது அதற்காகத்தான். கிழித்ததைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. அதில் என் பொண்ணு என்ன எழுதியிருந்தாள் என்று மட்டும் கேட்டார்.

குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் காலில் விழுந்து எழுந்திருப்பேன், அது சுலபம்.

கண்ணை மூடித் தேடினேன். தாள் நினைவுக்கு வந்தது. அதை நீட்டிய கையும் வந்தது. வாங்கும்போது விரல் பட்டுச் சுட்டது. வெயிலில் ஆடிவிட்டு வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

அம்மா, உடனே வந்து என்னைக் கூட்டிட்டுப் போ. அப்படித்தான் எழுதியிருந்தாள் என்று சொல்லிவிடலாம். பத்து வயதுப் பிள்ளை வேறு என்ன எழுதியிருக்கும்? இவர் நம்பிவிடுவார். இதையும் மனப்பாடம் செய்துகொண்டு ஊர் போய்ச் சேருவார்.

நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் அந்தப் பிள்ளை வாயில் ஒரு முறை என் வார்த்தையைத் திணித்தாயிற்று.

"ஓரம் விடாம எழுதியிருந்தாம்மா, தாளோட விளிம்பு வரைக்கும். அதைப் பாத்ததுமே கிழிச்சுட்டேன். படிக்கல."