முதல் சாட்சியின் விலாசம்

செம்புலிங்கம் ஆயுள் தண்டனை பெற்ற கொலை வழக்கில், நேரில் பார்த்த ஒரே சாட்சி பிலோமினா. தீர்ப்பு வந்த வாரமே வீட்டைக் காலி செய்து, யாருக்கும் சொல்லாமல் வேறு ஊருக்குப் போய்விட்டாள். பதினான்கு ஆண்டுகள் கழித்து அவன் விடுதலையாகிவிட்டான் என்று கேள்விப்பட்டாள். போலீசில் பாதுகாப்பு கேட்கத் தீர்ப்பின் நகல் வேண்டியிருந்தது. நீதிமன்றத்தின் நகல் பிரிவில் மனு எழுதிக் கொடுத்தாள்.

எழுத்தர் வழக்கு எண்ணைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். “போன வாரந்தான் ஒருத்தர் இதே கேசுல சாட்சி வாக்குமூலம் மட்டும் நகல் வாங்கிட்டுப் போனாரு.”

“யாரு சார்?”

“செம்புலிங்கம்னு பேரு. சாந்தமான மனுசன். வாக்குமூலத்துல இருக்க விலாசம் பழசாப் போச்சாம். வேற யாரும் இந்தக் கேசுக்கு மனு போட்டா பதிவேட்டைப் பாக்கலாமான்னு கேட்டாரு. தாராளமா பாருங்கன்னேன். அன்னையிலேர்ந்து தினமும் வாராரு.”

பேசிக்கொண்டே அவர் பதிவேட்டைத் திறந்து அவள் பெயரை எழுதினார். அதன் கீழே கதவு எண்ணை எழுதினார். தெருவின் பெயரைத் தொடங்கியபோது பிலோமினா பக்கத்தின் மேல் கையை வைத்து மறைத்தாள்.

“மனு வேண்டாம் சார். திருப்பிக் குடுத்துருங்க.”

“நம்பர் போட்டாச்சே. இனிமே அடிக்கக் கூடாதும்மா.”

அவள் கையை எடுக்கவில்லை.

“சீக்கிரம் எடுங்கம்மா, பின்னால ஆள் நிக்காங்க,” என்றார் எழுத்தர்.

பிலோமினா திரும்பிப் பார்க்கவில்லை.