டேன் என்கிற தண்டபாணி

தான் ரோபோ இல்லை என்று அவள் டிக் அடித்தாள்.

இந்த விவரங்களை வைத்து யாரையும் தொந்தரவு செய்ய மாட்டேன் என்று அடுத்த பெட்டி உறுதி கேட்டது. அதற்கும் ஒரு டிக்.

அடுப்பில் ரசம் நுரை கட்டத் தொடங்கியிருந்தது. அணைத்தாள். பக்கத்தில் இருந்த லேப்டாப்பை இழுத்து அருகில் வைத்துக்கொண்டாள்.

பாலியல் குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர்கள் எந்தெந்த வீட்டில் குடியிருக்கிறார்கள் என்று இந்த அமெரிக்காவில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாமாம். அரசாங்கமே வரைபடம் போட்டு வைத்திருக்கிறது. பெரிய நகரத்தில் இருக்கும் தோழி போனில் சொன்னாள். வீடு பிடிப்பதற்கு முன்பே பார்த்திருக்க வேண்டாமா என்று ஒரு திட்டும் சேர்த்துக் கொடுத்தாள்.

எல்லாம் எதிர்வீட்டுக் கிழவருக்காக.

பள்ளிப் பேருந்து மகள் யமுனாவை இறக்கிவிடும் நேரத்துக்குச் சரியாக அவர் தபால் பெட்டிக்கு வந்துவிடுவார். பெட்டியில் ஒன்றும் இருக்காது. திறப்பார், மூடுவார். பிள்ளை பையோடு உள்ளே போய்க் கதவைச் சாத்தும் வரை வைத்த கண் வாங்காமல் நிற்பார்.

பிள்ளை வாசலில் சைக்கிள் ஓட்டினால் அவருக்கும் வேலியில் ஏதாவது வேலை வந்துவிடும்.

அவள் கணவரின் கார் வாசலில் நின்றால் இன்னும் அதிக நேரம் நிற்பார். கணவர் கையசைத்தால் மட்டும் அவர் கை மேலே வராது.

யமுனாவுக்கு ஏழு வயது.

"வயசானவரு. பொழுது போகோணுமல்ல" என்றார் கணவர். அவருக்கு உலகத்தில் எல்லோரும் நல்லவர்கள்.

ஈரோட்டில் அவர் தண்டபாணி. இந்த ஊருக்கு டேன். ஆலையில் சேர்ந்த அன்று மேலாளர் அந்தப் பெயரோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துப் பாவப்பட்டு, இவரே குறைத்துக் கொடுத்துவிட்டார். குடிவந்த அன்று தெருவில் வீடு வீடாக ஏறி, கை குலுக்கி, "ஐயம் டேன்" என்று சொல்லிவிட்டு வந்தார். யார் வாயிலும் சுலபமாக நுழைகிறதே என்று அவருக்கு ஒரே பெருமை.

வரைபடம் மெல்ல வந்தது. மாவட்டம் முழுக்கச் சோளக்காடு. அங்கங்கே சிவப்புப் புள்ளி. ஆற்றுக்கு அப்பால் ஒன்று. தானியக் கிடங்குப் பக்கம் ஒன்று.

அவர்கள் தெருவில் ஒன்று.

நினைத்தேன், நினைத்தேன்.

பெரிதாக்கினாள். சாலை அகலமானது. புள்ளி எதிர்ப்பக்கம் போகவில்லை.

இந்தப் பக்கம் நின்றது. இந்த வீட்டின் மேல்.

விரலை எடுத்துவிட்டு மறுபடி பெரிதாக்கினாள். அதே கதவு எண்.

புள்ளியை அமுக்கினாள்.

டேன் எச். என்று எழுதியிருந்தது. படம் இல்லை.

கூடத்தில் பனியனோடு உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த மனிதரின் முதுகைப் பார்த்தாள். இத்தனை வருடம் கூடக் குடித்தனம் நடத்திய முதுகு. ஒரே ஒரு கணம்தான். ஆனால் சந்தேகப்பட்டாள்.

கீழே பொடி எழுத்தில் இன்னொரு வரி. முழு விவரம். அதையும் அமுக்கினாள்.

டேனியல் ஹோல்ம். வயது அறுபத்தெட்டு.

அப்பாடா.

முன்பு குடியிருந்தவன் யாருக்கும் முகம் காட்டாமலே இருந்து, சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டான் என்று வீட்டுக்காரர் சலித்துக்கொண்டது நினைவுக்கு வந்தது. போனவன் புள்ளியை எடுத்துக்கொண்டு போகவில்லை.

அவள் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தாள். முகம் தெரியாத ஒருவனுக்கு அறுபத்தெட்டு வயது ஆனதற்காக இப்படி யாரும் சந்தோஷப்பட்டிருக்க மாட்டார்கள்.

வெளியே பேருந்து நின்ற சத்தம்.

எழுந்து ஜன்னலுக்குப் போனாள். கிழவர் வழக்கம் போலத் தபால் பெட்டியருகே நின்றார். வழக்கத்துக்கு மாறாக இன்று அவர் கண் எங்கே இருக்கிறது என்று கவனித்தாள்.

கார் மேல் இருந்தது. பிறகு வாசல் கதவு மேல்.

அவரும் அந்த வரைபடத்தைப் பார்த்திருக்கிறார். சிவப்புப் புள்ளி, எதிர்வீடு, டேன். பொடி எழுத்தைத் தேடிப் பிடித்து அமுக்கவா போகிறார்? டேன்தான் நேரிலேயே வந்து கை குலுக்கிச் சொல்லிவிட்டானே!

ஒருவரும் கேட்காமல், தன் பிள்ளைக்கு அங்கே ஒரு காவல் இருந்திருக்கிறது. கிழவரைப் போய்க் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

லேப்டாப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

"ஏனுங்க, சட்டையப் போட்டுட்டு வாங்க. எதுத்த வீட்டு வரைக்கும் போய்ட்டு வந்தரலாம்."

"என்னத்துக்கு?"

"உங்க பேரச் சொல்லோணும்."

"அதான் வந்த அன்னைக்கே சொன்னனே!"

"முழுசாச் சொல்லோணும்."

புரியாமல்தான் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். நல்ல மனிதர்.

பேருந்து போய்விட்டிருந்தது. யமுனா சாலையோரம் குனிந்து ஷூ நாடாவோடு போராடிக்கொண்டிருந்தாள். அப்பாவைக் கண்டதும் நிமிர்ந்து கையாட்டினாள்.

அவர் சிரித்தபடி பிள்ளையை நோக்கி வேகமாக நடந்தார்.

கிழவர் பெட்டியைத் திறந்தபடியே விட்டுவிட்டுச் சாலையைக் கடந்தார். யமுனாவுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார். இரண்டு கையையும் அகல விரித்தார். நகரவில்லை.

அவளுக்கு அந்தக் கிழவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று.