நாயகனின் சாதகம்

"ஆள் கலியாணத்தண்டு காலமை ஏன் வீட்டை விட்டுப் போனவன்? முதல் அதைச் சொல்லும்."

பேராசிரியர் குகதாசன் ஆய்வேட்டை மேசையில் போட்டார். அதை எழுதிய மாணவி சுபாஜினி ஏட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். நாவலின் நாயகன் அருட்செல்வன் போனது உலகத்துக்கே தெரியும். ஏன் போனான் என்று நாவலாசிரியர் ஒரு பக்கத்திலும் சொல்லவில்லை. அதனால்தானோ என்னவோ, மூன்று தலைமுறையாக அதை மகத்தான உளவியல் நாவல் என்கிறார்கள்.

"அவன் பாவம் சேர்..."

"பாவமோ? அவன் உமக்கு ஆர், சித்தப்பாவின்ரை மகனே? வெறும் மையும் கடதாசியும்! வாசகர் இரங்கலாம். ஆய்வாளருக்கு நெஞ்சு கல்லா இருக்கோணும். கருப்பொருள், பாத்திரம், நடை, மூண்டுக்கும் எனக்குக் காரணம் வேணும். வெள்ளிக்கிழமைக்குள்ளை தராட்டி, பட்டத்தை மறந்துபோட்டு வேறை வேலையைப் பாரும்."

நெல்லியடிக்குத் திரும்பும் பஸ்ஸில்தான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. உளவியல் நூல்களையெல்லாம் புரட்டிக் களைத்தவள் வேறென்ன செய்வாள்? நாவலின் முதல் பக்கத்திலேயே அவன் பிறந்த நாளும் நேரமும் இருந்தன. பஸ்ஸால் இறங்கி, யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு, சாதகம் பார்க்கும் தம்பிராசாச் சாத்திரியாரின் வீட்டுப் படலையைத் திறந்தாள்.

"தெரிஞ்ச பெடியன் ஒராள். குணத்தைச் சொல்லுங்கோ ஐயா."

"உம்மைக் கட்டப் போறவரோ?"

"ஐயோ, இல்லை! உவன் ஒருத்தரையும் கட்டான்."

அவள் எழுதிக் கொடுத்த நாளையும் நேரத்தையும் வைத்துச் சாத்திரியார் கட்டம் கீறினார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"ரெண்டிலை சனி. வாயைத் திறந்தா ஒரு வசனத்தை லேசிலை முடிக்கான்."

சுபாஜினி நிமிர்ந்து உட்கார்ந்தாள். பக்கக்கணக்காக நீளும் அந்த வசனங்கள்! நடைக்குக் காரணம் கிடைத்துவிட்டது. கைப்பைக்குள் அவசரமாகப் பேனையைத் தேடினாள்.

"எட்டிலை சந்திரன். வெளியிலை சிரிப்பு, உள்ளுக்கை ஓயாத யோசினை. தன்னோடையே சண்டை."

கருப்பொருளும் வந்துவிட்டது.

"ஏழிலை கேது. பொம்பிளையிலை அவனுக்குக் கோவமில்லைப் பிள்ளை. தன்னாலை அவளின்ரை சீவியம் கெட்டுப்போகும் எண்ட பயம். அதுதான் கலியாணத்தண்டு காலமை எழும்பிப் போனவன்."

எழுதிக்கொண்டிருந்த கை நின்றது.

"ஐயா, அவன் போனதை நான் உங்களுக்குச் சொல்லேல்லையே!"

சாத்திரியார் சிரித்தார். "உவன்ரை குறிப்பு எனக்கு மனப்பாடம் பிள்ளை. புத்தகத்துப் பெடியன்தானே?"

அவள் பேனையைக் கைப்பைக்குள் திணித்தாள். "ஐயா... வெளியிலை சொல்லிப்போடாதேங்கோ. குகதாசன் சேர் அறிஞ்சால் என்ரை பட்டம் போச்சு."

"அவர் என்ன சொல்லப் போறார்? கனகாலத்துக்கு முன்னமே உந்தச் சாதகத்தைக் கொண்டந்தவர் அவர்தானே! கடைசி அத்தியாயத்திலை பெடியன் கடலுக்கை இறங்கிறானெல்லே? சனி தோசம், எள்ளெண்ணெய் எரியுங்கோ எண்டு சொன்னனான்."

"எரிச்சவரோ?"

"இண்டைவரைக்கும் ஒரு சனிக்கிழமை தவறவிடேல்லை. கோயிலாலை வீட்டை போனவுடனை கடைசிப் பக்கத்தைத் திறந்து பாக்கிறவராம், பெடியன் கரைக்குத் திரும்பிட்டானோ எண்டு."