ஓட்டைக் கத்திரிக்காய்

"கொட்டு கண்ணாத்தா, பைய இங்கியே கொட்டு. எல்லாரும் பாக்கட்டும்!"

சாரதாமணி போட்ட கூச்சலில் சங்ககிரி சந்தையில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

காய்க்காரி கண்ணாத்தாளிடம் அவள் வாராவாரம் குனிந்து பொறுக்குவது புழு ஓட்டை விழுந்த கத்திரிக்காயைத்தான். புழு தின்ற காயில் பூச்சிமருந்து இருக்காது என்று ஏதோ பத்திரிகையில் படித்திருந்தாள். மகள் ராசாத்திக்கு இரண்டு கரு தங்கவில்லை. இது மூன்றாவது, ஏழு மாசம். வாய்க்குப் பிடித்தது கத்திரிக்காய் ஒன்றுதான்.

போன வாரம் காய் அரியும்போது ராசாத்தி கேட்டாள். "ஏம்மா, ஒண்ணுலகூட ஓட்டையக் காணோமே?"

அதனால் இன்று சாரதாமணி தராசையே பார்த்துக்கொண்டு நின்றாள். நிறுத்த காயைக் கண்ணாத்தாள் சாக்குக்குப் பின்னால் கொட்டினாள். பைக்குள் விழுந்தது வேறு காய். மினுமினுவென்று இருந்தது.

"மருந்துக் காய என் தலையில கட்டறயா? வயித்துப்புள்ளக்காரி திங்கறது!"

"கூப்பாடு போடாதீங்கம்மா." கண்ணாத்தாள் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள். "புழு உழுந்தாத்தானுங்க மருந்தே அடிக்கறது. ஓட்டைக் காய்தான் மருந்து குடிச்ச காய்."

சாரதாமணி பைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"அப்ப பையில இருக்கறது?"

"கெணத்து மேட்டுல ஊட்டுக்குன்னு நாலு செடி உட்டிருக்கறமுங்க. விடிஞ்சதும் புழுவக் கையிலயே பொறுக்கிப் போட்டுருவேன். மருந்தே காட்டறதில்லை. அந்தக் காயிங்க."

"எப்ப இருந்து?"

"புள்ளத்தாச்சிக்குன்னு ஒருநா சொன்னீங்கல்ல, அப்ப இருந்து."

சாரதாமணி பையை எடுத்து இடுப்போடு அணைத்துக்கொண்டாள்.

"ஒரு வார்த்த சொல்றதுக்கென்ன?"

"இங்க நின்னு சொன்னா மீதிக் காய யாருங்க வாங்குவாங்க? மருந்தடிச்சு எட்டு நாள் கழிச்சுத்தான் பறிக்கறோம். கழுவி ஆக்குனா ஒண்ணும் பண்ணாதுன்னு வெவசாய ஆபீசரும் சொல்றாரு. எனக்குத்தான் மனசு கேக்கல."

சாரதாமணி கேட்டாள்.

"நாலு செடிக் காயும் எனக்கே வந்துட்டா, உங்க ஊட்டுக்குங்க?"

கண்ணாத்தாள் தராசுத் தட்டை முந்தானையால் துடைத்தாள்.

"உங்க பேரன் பொறக்கற வரைக்கும் எங்க ஊட்டுல கத்திரிக்காக் கொழம்பே இல்லீங்க."