கொண்டைக்கு அருகே கற்பூரம்

விருதுநகர் கல்யாண மண்டப வாசலில் என் தம்பி மகள் ரோஷினி மாப்பிள்ளையோடு நிற்கிறாள். சற்று முன்புதான் அழகுநிலையத்துப் பெண் ஸ்பிரே அடித்து அடித்துத் தூக்கி நிறுத்திய கொண்டை, வெயில் பட்டு அரக்குப் பூசியதுபோல் மின்னுகிறது. காற்றில் சேலைத் தலைப்பு பறக்கிறது. கொண்டையில் ஒரு முடிகூட அசையவில்லை. “என்ன மதினி, பொண்ணு தலையில கோபுரமே கட்டிட்டீக!” என்று சம்பந்தி வீட்டுப் பெண்கள் என் தம்பி மனைவியிடம் சொல்லிச் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஸ்பிரே வாடை இன்னும் ஈரமாக மூக்கில் ஏறுகிறது. சிவகாசியில் பட்டாசுக் கம்பெனி நடத்துகிறவனுக்கு எது சட்டென்று பற்றும் என்று தெரியும். மாப்பிள்ளையின் அத்தை ஆலத்தட்டில் வெற்றிலைமேல் கற்பூரத்தைக் கொளுத்துகிறார். அணைக்கச் சொன்னால் அபசகுனம். எங்கள் வீட்டுக்குத் தலைகுனிவு. சுற்றுகிற தட்டு முகத்தைத் தாண்டி மேலே ஏறுகிறது, சுடர் காற்றில் சாய்கிறது. நான் முன்னே போய்க் கொண்டைக்கும் சுடருக்கும் நடுவே உள்ளங்கையை விரிக்கிறேன். “ஐயா, ஆசீர்வாதத்தை அப்புறம் பண்ணுங்க, பொண்ணு முகத்தை மறைக்குது” என்கிறான் போட்டோக்காரன். “மறைச்சா மறைக்கட்டும்லே” என்கிறேன். உள்ளங்கை சுடுகிறது. அத்தை சிரித்துக்கொண்டே அடுத்த சுற்றைத் தொடங்குகிறார்.