நாலு பேர் வைத்த சோறு

நாய்க்குட்டி வந்ததிலிருந்து அந்த வீட்டு எவர்சில்வர் கிண்ணத்துக்கு மூச்சுவிட நேரமில்லை. அம்மா பால்சோறு வைப்பாள். அது இறங்குவதற்குள் மகள் பாக்கெட் தீனியைக் கொட்டுவாள். பிறகு அப்பாவின் அவித்த முட்டை, மாமாவின் ஈரல். தான் வைப்பதைத்தான் குட்டி ஆசையாகத் தின்கிறது என்று ஆளாளுக்கு அடித்துச் சொன்னார்கள்.

"எல்லாத்தையும் ஏண்டா தின்னு தொலைக்கிறே?" என்று அலுத்துக்கொண்டது கிண்ணம்.

"என்னக்கா பண்றது? எதிர்ல உக்காந்து என் மூஞ்சியையே பாக்குறாங்க. திங்கலேன்னா அவங்க முகம் வாடிப்போகுது" என்றது குட்டி.

மறுநாள் வாந்தி, பேதி. வந்து பார்த்த டாக்டர், "இன்னிக்கு எதுவும் வேண்டாம், வயிறு காயட்டும். நாளைக்குக் கொஞ்சம் கஞ்சி கொடுங்க" என்றார்.

அவர் வாசலைத் தாண்டவில்லை, அடுப்படியில் சண்டை கிளம்பிவிட்டது. அம்மா அரிசிக் கஞ்சி என்றாள், மகள் ஓட்ஸ் என்றாள், அப்பா கேழ்வரகு என்றார். மாமா அதிலும் ஈரலை அரைத்துக் கலந்துவிடலாம் என்றார்.

குட்டி தள்ளாடி வந்து, மூக்கால் நெம்பிக் கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன்மேல் தலைவைத்துப் படுத்தது.

"முடியலக்கா" என்று முனகியது.

"மெதுவாடா" என்றது கிண்ணம். "காதுல விழுந்தா, பசிக்குதுன்னு நெனச்சுருவாங்க."