வீட்டுக்கு ஒரு பெட்டி

உயரத்தில் ஏறி வேலை செய்கிறவர்கள் இருந்தால் வீட்டுக்கு ஒரு பெட்டி என்று அரசாங்கம் கொடுத்திருந்தது. உள்ளே சிவப்பு மூடி ஊசி ஒன்று, நீல மூடி ஊசி ஒன்று. விழுந்து முதுகுத்தண்டு அடிபட்டவனுக்கு இரண்டையும் உடனே போட்டுவிட்டால் நரம்பு பிழைத்துக்கொள்ளும். ஒன்றை மட்டும் போட்டால் அது வெறும் தண்ணீர்தான். சூசையம்மாளுக்கு இது மனப்பாடம். பிள்ளைகளுக்குச் சோறு கொண்டுபோகும்போதெல்லாம் தூக்குவாளியோடு அந்தப் பெட்டியும் போகும்.

அன்றைக்கு அவள் கண்ணெதிரே தண்ணீர்த்தொட்டிச் சாரம் சரிந்தது. வெள்ளையடித்துக்கொண்டிருந்த மூத்தவன் அருளப்பனும் இளையவன் ஜெபமணியும் சேர்ந்தே விழுந்தார்கள். இருவருக்கும் கால் அசையவில்லை.

பெட்டியைத் திறந்தாள். தம்பிக்குப் போடு என்று மூத்தவன் சொல்லவில்லை. அண்ணனுக்குப் போடு என்று இளையவனும் சொல்லவில்லை. இரண்டு பேரும் அவள் கையையே பார்த்தார்கள். ஒரு மிட்டாய் கிடைத்தாலும் உடைத்து ஆளுக்குப் பாதி கொடுத்து வளர்த்த கை, பாவம், அதற்கு வேறென்ன தெரியும்.

ஆம்புலன்ஸில் வந்த நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டாள். "ரெண்டையும் ஒரே ஆளுக்குப் போடணும்னு பெட்டி குடுத்த அன்னைக்கே படிச்சுப் படிச்சுச் சொன்னேனே பெரியம்மா. ஆளுக்கொண்ணாப் போட்டு ரெண்டு பேரையும் படுக்க வச்சிட்டியளே."

சூசையம்மாள் காலி ஊசிகள் இரண்டையும் பெட்டிக்குள் வைத்து மூடினாள்.

இப்போது வீட்டில் இரண்டு கட்டில்கள். மத்தியானம் அவள் பொரித்த மீனை நடுவே பிய்த்து இரண்டு தட்டிலும் வைத்தாள். அருளப்பன் தட்டைத் தள்ளினான்.

"பங்கு வச்சது போதும் அம்மை. ஒருத்தனுக்காவது முழுசாக் குடு."

"யாருக்கு மக்கா?" என்று அவள் கேட்டாள்.

இரண்டு கட்டிலிலிருந்தும் அவள் கையையே பார்த்தார்கள்.